யானைக்குப் போட்ட சடைமுடி

1952-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸும் அமெரிக்கர்களும் சேர்ந்து எடுத்த படம் ‘தி ஜங்கிள்’. தமிழில் ‘காடு’. அழிந்துபோன யானை இனமான மம்மூத் காட்டில் திரிவதாகக் கதை. மம்மூத்துக்கு எங்கே போவது? யானைகளுக்கே சடைமுடி போர்த்தி நடக்கவிட்டார்கள்.

இத்தகைய பழைய திகில், அறிவியல் புனைவுப் படங்களின் போஸ்டர்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் உலகெங்கும் உண்டு. 120க்கு 160 சென்டிமீட்டர் அளவிலான பிரெஞ்சு போஸ்டர்களுக்குத் தனி மவுசு. நம் ஊரிலோ, பசை காய்வதற்குள் அடுத்த படத்தின் போஸ்டர் மேலே ஏறிவிடும், மிஞ்சுவது அபூர்வம். உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று கிடந்தால் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷனும் வேண்டாம். வெயிலும் ஈரமும் படாமல் வையுங்கள்.