கேன்வாஸ் கட்டில் ஏன் குழி விழுகிறது?

  

உங்களில் எத்தனை பேர் வீட்டில் மடக்குக் கேன்வாஸ் கட்டில் இருக்கிறது? கத்திரி மாதிரி கால் விரியும், மேலே கெட்டித் துணி இருக்கும். படுத்தால் நடுவில் குழி விழும். அந்தக் கட்டில்தான். அதைப் பற்றி எழுத என்ன இருக்கு என்று நினைக்காதீர்கள். எங்க அப்புச்சி ஒருநாள் ராத்திரி அதிலிருந்து விழுந்த பிறகுதான் நானும் அதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன்.

விழுந்த கதை

எங்க அப்புச்சி முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். எடை 60 கிலோ. கோடையில் மொட்டை மாடியில், மழையில் திண்ணையில், எங்கே போனாலும் அந்தக் கட்டிலை ஒரு கையில் தூக்கிக்கொண்டு போவார். போன கோடை விடுமுறையில் ஒரு ராத்திரி "டர்ர்" என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் துணி ஒரு பக்கம் முழுக்கக் கிழிந்து, அப்புச்சி தரையில் கிடக்கிறார். நல்லவேளை, எலும்பு ஒன்றும் முறியவில்லை. தோள்பட்டையில் வீக்கம் மட்டும்தான்.

அம்மா, "இந்தக் கட்டிலைத் தூக்கிப் போட்டுட்டு ஒரு இரும்புக் கட்டில் வாங்கிரலாங்கப்பா" என்றார். அப்புச்சி ஒத்துக்கவே இல்லை. "இரும்புக் கட்டில் வாங்கினா அது இருக்கிற எடத்துக்கு நான் போகணும். இதுன்னா நான் போற எடத்துக்கு அது வரும்" என்றார். அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. "அப்போ நான் ரிப்பேர் பண்றேனுங்க அப்புச்சி" என்று சொல்லிவிட்டேன்.

முதல் தப்பு

புதுக் கேன்வாஸ் வாங்கி, குழியே விழக்கூடாது என்று நானும் மாமாவும் இழுத்து இழுத்துப் பிடித்து ஆணி அடித்தோம். தட்டினால் பறை மாதிரி சத்தம் வந்தது. எங்களுக்கு ஒரே பெருமை! ஒரே வாரத்தில் இரண்டு பக்க நீளக் கட்டையும் உள்பக்கம் வில் மாதிரி வளைந்துவிட்டது. ஆணி அடித்த இடமெல்லாம் துணி ஓட்டை பெரிசாகி மறுபடி கிழிய ஆரம்பித்தது.

ஏன் இப்படி ஆச்சு என்று எங்கள் அறிவியல் சாரிடம் கேட்டேன். சார் பதில் சொல்லாமல் ஒரு சணல் கயிற்றையும் தண்ணி பாட்டிலையும் கொடுத்தார்.

நீங்களும் செய்து பாருங்கள்

கயிற்றின் நடுவில் தண்ணி பாட்டிலைக் கட்டுங்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்து, கயிற்றை நேராக்கப் பாருங்கள். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் முழுசா நேராக்க முடியாது! நேராக ஆக ஆக, இழுக்க வேண்டிய பலம் ஏறிக்கொண்டே போகும். காரணம் இதுதான். பாட்டிலின் எடை கீழ்நோக்கி இழுக்கிறது. அதைத் தாங்க, கயிறு கொஞ்சமாவது சாய்ந்து மேல்நோக்கி இழுக்கணும். கயிறு படுகிடையாகிவிட்டால் மேல்நோக்கி இழுக்க ஒன்றுமே இல்லை.

கட்டில் துணியும் அந்தக் கயிறு மாதிரிதான். எடை முழுக்க நடுக்கோட்டில் இருப்பதாக வைத்துக்கொண்டால் கணக்கு இது:

பக்கவாட்டு இழுப்பு = எடை × அகலம் ÷ (4 × குழியின் ஆழம்)

எடை 60 கிலோ, அகலம் 60 செ.மீ. என்றால்:

குழி 15 செ.மீ. – இழுப்பு 60 கிலோ
குழி 12 செ.மீ. – இழுப்பு 75 கிலோ
குழி 10 செ.மீ. – இழுப்பு 90 கிலோ
குழி 5 செ.மீ. – இழுப்பு 180 கிலோ!

பார்த்தீர்களா? 60 கிலோ ஆள் படுத்தால், இறுக்கிக் கட்டிய கட்டிலின் கட்டையை மூன்று ஆள் எடை உள்பக்கம் இழுக்கிறது. உடம்பு பரவிக் கிடக்கும்போது இந்த இழுப்பு ஏறக்குறைய பாதியாகும். ஆனால் நடுவில் முட்டி போட்டு ஏறுவோம் இல்லையா, அப்போது முழுசும் வரும்.

ஆகவே குழி என்பது கட்டிலின் குறை இல்லை. குழி இருப்பதால்தான் அது நம்மைத் தாங்குகிறது. நாம் செய்ய வேண்டியது அளவான குழி வைப்பது. நாங்கள் 12 செ.மீ. என்று முடிவு செய்தோம். இதற்குத் துணி எவ்வளவு வேணும்? நம்ம பிதாகரஸ் தேற்றம்தான். ஒரு பக்கம் 30, இன்னொரு பக்கம் 12. கர்ணம் சுமார் 32.3. இரண்டு பாதிக்கும் சேர்த்து ஏறக்குறைய 65 செ.மீ. நாங்கள் முதலில் வைத்தது 61. வெறும் 4 செ.மீ. துணியை மிச்சம் பிடித்ததில்தான் கட்டை வளைந்தது!

எங்கள் கட்டிலில் செய்த மாற்றங்கள்

1. ஆணிக்குப் பதில் உறை: ஆணி அடித்தால் ஒவ்வொரு ஓட்டையிலும் நாலைந்து நூல்தான் மொத்த இழுப்பையும் தாங்கும். ஒரு ஓட்டை கிழிந்தால் பக்கத்து ஓட்டைக்குச் சுமை கூடும். அதுவும் கிழியும். அன்று ராத்திரி "டர்ர்" என்று கேட்டது அதுதான். இதற்கு வழி எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தது. சாய்வு நாற்காலியைப் பாருங்கள். அதில் ஆணியே கிடையாது. துணியின் முனையை மடித்துக் குழாய் மாதிரி தைத்து, அதற்குள் குச்சியைச் செருகியிருப்பார்கள். (அந்தக் குச்சியை உருவிவிட்டு மாமாவை விழ வைத்தவர்கள் இங்கே யாராவது உண்டா?) அதே மாதிரி கட்டில் துணியின் இரு ஓரத்திலும் உறை தைத்து, நீளக் கட்டையை அதற்குள் விட்டோம். இப்போது ஒவ்வொரு நூலும் சுமையைப் பங்கு போட்டுக்கொள்கிறது. கால் சேருகிற இடங்களில் மட்டும் உறையை வெட்டி, வெட்டின ஓரத்தையும் மடித்துத் தைத்தோம். போல்ட்டைக் கழற்றினால் துணியை உருவித் துவைக்கலாம்.

2. தையல்: வீட்டுத் தையல் மெஷினில் ஊசி ஒடிந்தது. அதனால் லாரி தார்ப்பாய் தைக்கிற அண்ணனிடம் போனோம். "ஒத்தைத் தையல் போட்டா அது பிரியற வரைக்கும்தான் தம்பி கட்டில். ஓரத்தை ரெண்டா மடிச்சு, ரெண்டு வரிசை ஓட்டணும்" என்றார். பருத்தி நூலுக்குப் பதில் பாலியெஸ்டர் நூலால் தைத்துக் கொடுத்தார். அது ஈரத்தில் மக்காது.

3. நடுவில் ஒரு கால்: பழைய கட்டிலில் தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று என இரண்டு கத்திரிக் கால்தான். நடுவில் மூன்றாவது போட்டோம். தாங்குகிற இடைவெளி பாதியாகிவிட்டால், அதே சுமைக்குக் கட்டை வளைவது பாதியாக இல்லை, எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஒரு மர ஸ்கேலை முழு நீளத்தில் வளைத்துப் பாருங்கள், பிறகு பாதியைப் பிடித்து வளைத்துப் பாருங்கள். கைக்கே தெரியும்.

4. போல்ட் இருக்கும் இடம்: கத்திரிக் காலில் வளைவு அதிகம் வருவது இரண்டு காலும் சேருகிற இடத்தில்தான். அங்கேயே நாம் ஓட்டையும் போடுகிறோம்! ஒடிந்தால் அங்கேதான் ஒடியும். அதனால் ஆசாரி மாமா கணு இல்லாத கட்டையாகப் பார்த்து எடுத்து, அந்த இடத்தில் மட்டும் ஒரு பட்டைத் துண்டு வைத்து அகலமாக்கினார். போல்ட் எவ்வளவு கனமோ அவ்வளவுதான் ஓட்டை. இரண்டு பக்கமும் வாஷர்.

5. கவிழாமல் இருக்க: இதுதான் முக்கியம். வயசானவர்கள் எழுந்திருக்கும்போது கட்டில் ஓரத்தில் உட்காருவார்கள். பழைய கட்டிலில் மேலேயும் 60 செ.மீ., கீழேயும் 60 செ.மீ. ஓரத்தில் உட்கார்ந்து கொஞ்சம் வெளியே சாய்ந்தால் கட்டில் கூடவே தூக்கிக்கொண்டு வரும். கால் பழையபடி 72 செ.மீ. நீளம் இருந்து, சரியாக நடுவில் போல்ட் போட்டால் உயரம் சுமார் 40 செ.மீ. நாங்கள் காலை 78 செ.மீ. ஆக்கி, போல்ட்டை மேலிருந்து 36-லும் கீழிருந்து 42-லும் போட்டோம். வடிவொத்த முக்கோணம் படித்திருக்கிறோமே, அதன்படி கீழே 60 × 42 ÷ 36 = 70 செ.மீ. விரியும். ஒவ்வொரு பக்கமும் 5 செ.மீ. கூடுதல் பிடிப்பு. உயரமும் 43 செ.மீ. ஆகிவிட்டது. முட்டிவலி உள்ளவர்களுக்கு எழுந்திருக்கச் சுலபம். போல்ட், கட்டை மட்டத்துக்கு 20 செ.மீ. கீழே இருப்பதால் 12 செ.மீ. குழியில் முதுகில் இடிக்காது.

6. ரப்பர் புஷ்: கால் நுனியில் ரப்பர் புஷ் மாட்டினோம். சிமெண்டுத் தரையில் வழுக்காது, அடிக்கட்டையில் தண்ணி ஊறாது.

தெரிந்துகொள்வோம்

மடக்குக் கட்டில் ஒன்றும் நேற்று வந்தது இல்லை. 1922-ஆம் ஆண்டு ஹோவர்டு கார்ட்டர் எகிப்தில் துட்டன்காமன் என்ற இளம் அரசனின் கல்லறையைக் கண்டுபிடித்தார். அதில் மூன்றாக மடிக்கும் மரக்கட்டில் ஒன்றும் இருந்தது. உலோகக் கீல் வைத்தது. அதற்கு வயது 3300 ஆண்டுகளுக்கு மேல்! ராஜாவுக்கும் போற இடத்துக்கெல்லாம் கட்டில் கூட வரணும் என்று ஆசை இருந்திருக்கிறது, எங்க அப்புச்சி மாதிரியே.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன்

மூன்றாவது கால் சேர்த்ததால் எடை கூடிவிட்டது. மடக்கினாலும் முன்னை விட நீளமாக இருக்கிறது. அப்புச்சி தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன கண்ணு, ஒத்தைக் கையில தூக்க முடியலையே" என்றார். எனக்கு முகம் வாடிவிட்டது. பிறகு தார்ப்பாய்க் கடை அண்ணன் ஒரு நாடாப் பட்டையைத் தைத்துக் கொடுத்தார். இப்போது தோளில் மாட்டிக்கொண்டு போகிறார். மாடிப்படி ஏறும்போது மட்டும் நான் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வேன்.

உங்கள் வீட்டில் இந்தக் கட்டில் இருந்தால் இன்று மாலையே மூன்று விஷயம் பாருங்கள். ஆணி ஓட்டைகள் நீளமாகியிருக்கிறதா? போல்ட் பக்கத்தில் கீறல் தெரிகிறதா? துணியில் கறுப்புப் புள்ளி இருக்கிறதா? (அது பூஞ்சை. நனைந்த துணியைக் காய வைக்காமல் மடக்கினால் வரும். நூலை இற்றுப்போகச் செய்யும்.) ஒன்று இருந்தாலும் யாரையும் படுக்க விடாதீர்கள், முதலில் சரி செய்யுங்கள். கட்டிலை விரிக்கும்போது சின்னப் பிள்ளைகள் கையைக் காலுக்கு நடுவில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுக் கட்டில் ரெடியான அன்று ராத்திரி நான் தூங்கவே இல்லை. எப்போ "டர்ர்" கேட்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். கேட்டது அப்புச்சியின் குறட்டைச் சத்தம் மட்டும்தான். அம்மிச்சி மட்டும் காலையில், "கட்டிலைச் சரி பண்ணிட்டே, கொறட்டைக்கு ஏதாவது வழி பண்ணு சாமி" என்றார். அதற்கு இன்னும் கணக்கு கிடைக்கவில்லை!



– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்