அடிநாதமும் அடக்கமும்

வீட்டொலி – 9

சென்ற வாரம் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு இடையில் இருக்கவேண்டிய தூரத்தைப் பற்றியும், அவற்றை இயக்கும் பெருக்கியின் வலிமையைப் பற்றியும் எழுதி முடித்தபோது, கீழ்ஸ்தாயிச் சப்தத்தைத் தருவதற்கென்றே அமைந்த சப்வூபர் பெட்டியை ஏனைய பெட்டிகளோடு இசைவிப்பது எப்படி என்ற விஷயத்தைத் தனியே எடுத்துக்கொள்வதாக வாசகர்களுக்கு வாக்களித்திருந்தேன். அதைச் சூத்திரங்களாக அடுக்கிச் சொல்வதைவிட, அண்மையில் பாலமுனையில் நான் இரண்டு நாள் தங்கியிருந்து இந்தக் காரியத்தைச் செய்துபார்த்த ஒரு வீட்டின் முன் ஹோலுக்கு அவர்களை அழைத்துச் செல்வதே பொருத்தமென்று கருதுகிறேன்.

ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் நடுவில், மேற்கே வயலும் கிழக்கே கடலுமாக அமைந்த அந்த ஊரில், இராக்காலத்தில் விழித்துப் படுத்திருப்பவருக்குக் கடல் கேட்கும். அலை கரையில் உடைகிறபோது எழும் சலசலப்பு கரையில் நிற்பவரோடு நின்றுவிடும். ஊரைக் கடந்து, மதிலைக் கடந்து, சாத்திய யன்னலையும் கடந்து உள்ளே வருவது அந்த ஓசையின் அடிப்பாகம் மட்டுமே. கீழ்ஸ்தாயிச் சப்தத்தின் இரண்டு குணங்களை இதிலிருந்தே அறிந்துகொள்ளலாம். அது தடைகளை எளிதில் கடக்கும். காதை மட்டும் நம்பியிருப்பவருக்குத் தான் வரும் திசையைக் காட்டாது. ஏறத்தாழ 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே போனால் சப்தம் எந்த மூலையிலிருந்து வருகிறதென்று மனிதக் காது அறிவது அரிது. அதனால்தான் அந்த எல்லைக்குக் கீழுள்ள வேலையை ஒற்றைப் பெட்டியிடம் ஒப்படைக்க முடிகிறது.

அந்த வீட்டுக்காரர் எனக்குத் தம்பி முறை. கட்டாரில் பல வருஷம் உழைத்துத் திரும்பியவர். தகப்பனார் காலத்து ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, சீமெந்துக் கல்லால் சுவர் எழுப்பி, கொங்கிரீட் மேல்தளம் இட்டு, தரைக்கு மாபிள் பதித்துக் கட்டிய புது வீடு அது. ஊர் வந்தபோது 12 அங்குல ஒலிக்கூம்பு பொருத்திய சப்வூபர் ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். அதை எனக்குக் காட்டுமுன்பே அவர் சொன்ன குறை இதுதான்: “காக்கா, இவ்வளவு காசு குடுத்து எடுத்த பெட்டி, ஒரு பாட்டுக்கு ஊட்டையே குலுக்குது, அடுத்த பாட்டுக்கு ஒண்டுமே கேக்குதில்ல. பேஸ் காணாது.”

ஒரே பெட்டி ஒருபுறம் மிகுந்தும் ஒருபுறம் குறைந்தும் ஒலிப்பதற்குக் காரணம் பெட்டியில் இல்லை, அறையில் இருக்கிறது. கிடுகு வேய்ந்த கூரையும் ஓட்டுக் கூரையும் கீழ்ஸ்தாயிச் சப்தத்தைத் தம்மூடாக வெளியே கசியவிடும். கல்லும் கொங்கிரீட்டுமோ அதை ஏறக்குறைய முழுவதும் உள்ளேயே திருப்பி அனுப்பும். திருப்பி அனுப்பப்பட்ட அலை, எதிரே வரும் அலையோடு கூடி, அறையின் சில இடங்களில் இரட்டித்தும் சில இடங்களில் அழிந்தும் நிலையாக நின்றுவிடுகிறது. நம் கரையோரத்து வெக்கையில், 30 பாகை வெப்பத்தில், சப்தம் செக்கனுக்குச் சுமார் 349 மீற்றர் செல்லும். அந்த ஹோலின் நீளம் 18 அடி, அகலம் 12 அடி, உயரம் 10 அடி. சப்தத்தின் வேகத்தை அறையின் நீளத்தைப் போல் இருமடங்கால் வகுத்தால் 32 ஹேர்ட்ஸ் வருகிறது. அதுவே நீளத்துக்குரிய முதல் ஸ்வரம். இதே கணக்கில் அகலத்துக்கு 48, உயரத்துக்கு 57, நீளத்தின் இரண்டாவது ஸ்வரம் 64. ஒவ்வோர் அறையும் தனக்கென இத்தகைய சில ஸ்வரங்களை வைத்துக்கொண்டு, யார் பாடினாலும் தானும் கூடவே பாடுகிறது.

வீட்டுக்காரரின் வாப்பா சாய்ந்து பாட்டுக் கேட்கும் சாய்மனைக் கதிரை ஹோலின் சரிநடுவில் கிடந்தது. 32 ஹேர்ட்ஸ் அலை முற்றாக அழியும் இடம் அதுவே. 64 ஹேர்ட்ஸ் அலை உச்சத்தில் நிற்கும் இடமும் அதுவே. ஆகவே 64-ஐ ஒட்டிய தாளம் வந்தபோது வீடு குலுங்கியது. அதற்குக் கீழே இறங்கிய நாதம் வந்தபோது பெட்டி ஊமையானதுபோல் தோன்றியது. தம்பி முறைப்பட்ட இரண்டும் ஒரே கதிரையின் இரண்டு பலன்கள்.

இனி, கருவியைப் பற்றிச் சொல்லவேண்டும். டி.எஸ்.பி. என்று கடைகளில் விற்கப்படும் எண்முறைச் சமிக்ஞைச் செயலி, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பெட்டி. பாட்டைத் தரும் சாதனத்துக்கும் பெருக்கிக்கும் நடுவே இதை இணைக்கவேண்டும். உள்ளே வரும் மின்னலையை இது செக்கனுக்கு 48,000 தடவையோ 96,000 தடவையோ அளந்து எண்களாக்கி, அந்த எண்களைப் பெருக்கிக் கூட்டி மறுபடி அலையாக்கி வெளியே விடுகிறது. ஒரு வடிகட்டிக்கு, ஓர் எண் வந்து அடுத்த எண் வருவதற்குள் ஐந்து பெருக்கல்களும் சில கூட்டல்களுமே தேவை. பள்ளிப் பிள்ளை தாளில் செய்யக்கூடிய கணக்குத்தான் அது. 1978ஆம் ஆண்டு டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் குழந்தைகளுக்கு எழுத்துக்கூட்டச் சொல்லித்தரும் பேசும் பொம்மைக்குள் இத்தகைய சில்லு ஒன்றை வைத்தது. ஒரு காலத்தில் ஆய்வுகூடங்களில் மட்டும் இருந்த அந்த வித்தை இன்று கிராமத்து வீட்டின் ஹோலுக்கும் வந்துவிட்டது. பேஸுக்குரிய பகுதியைக் கண்ணில் படாத தனிப் பெட்டியில் ஒதுக்கி வைக்கும் பழக்கத்தை வீடுகளில் பரப்பியவர்களில் ஒருவர், வங்காளத்துத் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்த அமர் கோபால் போஸ். 1987இல் அவருடைய நிறுவனம் வெளியிட்ட அகூஸ்டிமாஸ் அமைப்பில் சுவரில் இருந்தவை கையடக்கமான சிறு பெட்டிகளே. அடிநாதம் ஒதுக்குப்புறமான ஒரு பெட்டியிலிருந்து வந்தது.

ஆனால் செயலியைத் தொடுவதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. அதற்கு மின்சாரத்தைவிட முழங்காலே அதிகம் உதவும். சப்வூபரைத் தூக்கி வாப்பாவின் கதிரைமேல் வைத்து, ஒரே சீரான கீழ்ஸ்தாயி வாசிப்பு ஒன்றை ஒலிக்கவிட்டு, நானும் தம்பியும் சுவரோரமாகத் தவழ்ந்து சென்றோம். கதிரைக்கும் ஒரு மூலைக்கும் இடையே சப்தம் போகும் வழி எதுவோ அதுவே திரும்பும் வழியும் ஆகையால், எந்த இடத்தில் தலையை வைக்கும்போது எல்லா ஸ்வரமும் சமமாகக் கேட்கிறதோ அந்த இடத்தில் பெட்டியை வைத்தால் கதிரையிலும் சமமாகக் கேட்கும். பக்கச் சுவரோரமாக, முன்சுவரிலிருந்து நாலரை அடியில் அப்படியோர் இடம் கிடைத்தது. நீளத்தில் கால்வாசி தூரமான அந்த இடத்தில் 64 ஹேர்ட்ஸ் அலையைக் கிளறிவிடவே முடியாது என்பதால் அது கிடைத்தது விந்தையன்று. ஆனால் அங்கே உம்மாவின் அறைக்கதவு இருந்தது. வயதானவர் போய்வரும் வழியில் பெட்டி வைப்பது நியாயமில்லை. எனவே பெட்டி முன்சுவருக்கே திரும்பியது. கதிரையை மட்டும் இரண்டரை அடி பின்னால் தள்ளினோம்.

பிறகு அளந்தோம். ஜோன் மல்காஹி என்பவர் இலவசமாக வழங்கும் ரூம் ஈகியூ விசார்ட் என்ற மென்பொருளை மடிக்கணினியில் வைத்து, கதிரையில் தலை இருக்கும் உயரத்தில் அளவை மைக்கை நிறுத்தி, 15 ஹேர்ட்ஸிலிருந்து 200 ஹேர்ட்ஸ் வரை படிப்படியாக ஏறும் ஒரு ஸ்வரத்தை ஒலிக்கவிட்டால், அறையின் குணம் முழுவதும் ஒரு கோடாகத் திரையில் விழுந்துவிடுகிறது. கதிரை நடுவில் இருந்தபோது 64-இல் 11 டெசிபெல் உயர்ந்து நின்ற சிகரம், கதிரை நகர்ந்தபின் 7 ஆகத் தணிந்திருந்தது. 32-இல் இருந்த பள்ளம் பாதி தூர்ந்திருந்தது. 80-இல் மாத்திரம் யாரும் எதிர்பாராத ஒரு குழி விழுந்திருந்தது.

அந்தக் குழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். இசைவிப்பு என்ற சொல்லின் அர்த்தமே அதில் அடங்கியிருக்கிறது. சிறிய ஸ்பீக்கர்கள் 80 ஹேர்ட்ஸில் கைவிடும் சப்தத்தைச் சப்வூபர் ஏற்கவேண்டும். இந்தக் கைமாற்றம் நிகழும் இடத்தில் சிறிது நேரம் இருவருமே ஒலிக்கிறார்கள். 1976இல் சீக்பிரீட் லிங்க்விட்ஸ், ரஸ் ரைலி என்னும் இரண்டு பொறியியலாளர்கள் வகுத்துத் தந்த முறைப்படி, கைமாறும் ஸ்வரத்தில் இரு தரப்பும் 6 டெசிபெல் தணிந்து ஒரே கணத்தில் சேர்ந்தால் இரண்டும் கூடி முழுமையாகும். ஒரே கணத்தில் என்பதே நிபந்தனை. சிறிய ஸ்பீக்கர்கள் சப்வூபரைவிடக் கதிரைக்கு மூன்றரை அடி அருகில் இருந்தன. ஒரு மில்லிசெக்கனில் சப்தம் ஓரடிக்குச் சற்று அதிகமே செல்லுமாகையால், சப்வூபரின் ஒலி 3 மில்லிசெக்கன் பிந்தியது. பெட்டிக்குள் இருந்த மின்சுற்றுகளின் தாமதமும் சேர்ந்து பிந்தல் 7 ஆயிற்று. 80 ஹேர்ட்ஸ் அலையின் ஒரு முழுச்சுற்று 12.5 மில்லிசெக்கன். ஆகவே சப்வூபர் கிட்டத்தட்ட அரைச்சுற்றுப் பிந்தி வந்து, ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும் வேளையில் தான் இழுத்து, இருவர் உழைப்பையும் வீணாக்கிக்கொண்டிருந்தது. பிந்தி வருபவரை விரைவுபடுத்தும் சக்தி எந்தச் செயலிக்கும் இல்லை. முந்தி வருபவரைக் காக்கவைக்கும் சக்தி உண்டு. சிறிய ஸ்பீக்கர்களுக்கு 7 மில்லிசெக்கன் தாமதம் கொடுத்தோம். அடுத்த அளவையில் குழி மூடிவிட்டது. பொல்லடிக்காரர் இருவர் கம்பு ஒரே கணத்தில் மோதினால்தான் அடி ஓர் அடியாகக் கேட்கும். அந்த நியாயமே இங்கும்.

அடுத்தது சமப்படுத்தல். இதில்தான் பலரும் தவறுகிறார்கள். முதல் நாள் மாலையில் நானே அந்தத் தவற்றைச் செய்தேன். கதிரை இன்னும் நடுவில் இருந்தபோது, 32-இல் கண்ட பள்ளத்தை நிரப்பிவிடலாமென்று செயலியில் 6 டெசிபெல் உயர்த்தினேன். அதற்குப் பெருக்கி நான்கு மடங்கு வலிமையைக் கொடுக்கவேண்டியிருந்தது, ஒலிக்கூம்பு அளவுக்கு மீறி வெளியே வந்து ‘டக்’கென்று தட்டியது, கதிரையிலோ ஓர் அணுவும் மாற்றமில்லை. அழிப்பதற்கென எதிரே வரும் அலையும் அதே அளவுக்கு வளர்ந்துவிடுகிறபடியால், பள்ளத்தில் எவ்வளவு ஊற்றினாலும் அது நிறையாது. சிகரத்தின் இயல்பு வேறு. 64-இல் எஞ்சி நின்ற சிகரத்தை 6 டெசிபெல் வெட்டியபோது, உயரம் குறைந்ததோடு, அடி முடிந்த பின்னும் அறையில் தங்கி முனகிக்கொண்டிருந்த மிச்சச் சப்தமும் சீக்கிரமாக அடங்கியது. 48-இல் இருந்த சிறு தாழ்வை அப்படியே விட்டோம். குறைப்பதும் காக்கவைப்பதுமே செயலியின் தர்மம். கூட்டுவதற்கு அதை நாடுகிறவர் பெட்டியையும் பெருக்கியையும் வதைக்கிறார்.

இன்னொரு எச்சரிக்கையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அது சப்வூபரின் எல்லைக்குள்ளேயே விழுகிறது. தொலைக்காட்சிக்கு வரும் கேபிள் வழியாக இரண்டாவது நிலத்தொடர்பு ஏற்பட்டால் பெட்டி ஓயாமல் ‘ம்ம்’ என்று இரையும். அந்த இரைச்சலைச் செயலியால் வெட்ட முயன்றால், அதே ஸ்வரத்தில் வரும் இசையும் போய்விடும். இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் குற்றவாளியைக் கண்டு திருத்துவதே முறை. உப்புக்காற்றில் பச்சைபூத்த செம்பு முனைகளையும் அப்போதே சுரண்டித் துடைத்துவிடலாம்.

இரண்டாம் நாள் இஷாத் தொழுகைக்குப் பின், றபான் முழங்கும் ஓர் ஒலிப்பதிவைப் போட்டோம். கடற்காற்றில் தளர்ந்த தோலை நெருப்பில் காய்ச்சி இறுக்கிய பிறகே அந்த வாத்தியத்தை எடுப்பார்கள். உரிய இறுக்கம் வந்தபின் அதன் அடி வயிற்றில் விழும்போதும் விரலின் நுனி தனியே தெரியும். கேட்டுக்கொண்டிருந்த தம்பி சற்று நேரத்தில் எழுந்து, “பெட்டிய நிப்பாட்டிட்டீங்களா காக்கா?” என்றார். நான் பதில் சொல்லாமல் சப்வூபரை நிறுத்தினேன். றபான் தகரமாயிற்று, பாடியவரின் குரலும் காலூன்ற நிலமில்லாததுபோல் மெலிந்தது. மறுபடி போட்டேன். தம்பி உட்கார்ந்துவிட்டார். பேஸ் காணாது என்று அவர் சொன்னதெல்லாம் ஒழுங்கு காணாது என்பதன் வேறு சொல்லே. நம்மில் பலர் இன்னும் பெரிய பெட்டி வாங்கப் புறப்படுவதும் இந்தச் சொற்பிழையால்தான்.

ஒன்று எஞ்சியிருந்தது. கீழ்ஸ்தாயிச் சப்தம் சுவரை மதிப்பதில்லை. பக்கத்து வீட்டில் ஒரு மூத்தம்மா தனியே உறங்குகிறார். சப்தத்தைக் குறைத்தால் பேஸ்தான் முதலில் மறைகிறது. பிளெச்சர், மன்சன் என்பவர்கள் 1933இலேயே அளந்து காட்டியதுபோல், மெல்லிய ஒலியில் நம் காது கீழ்ஸ்தாயிக்கு மிகவும் மந்தமானது. 20 ஹேர்ட்ஸ் காதில் படவே 78 டெசிபெல் அளவு வேண்டும். ஆகையால் செயலியின் நினைவில் இரண்டாவது அமைப்பு ஒன்றைப் பதித்தோம்: 40-க்குக் கீழே முழுவதும் வெட்டி, அதற்கு மேலே மாத்திரம், மெல்லிய ஒலியில் பெட்டிக்கும் பெருக்கிக்கும் வதையில்லையாகையால், சற்றே உயர்த்திய, இரவுக்கான அமைப்பு. அதைப் போட்டுவிட்டு, தம்பியை ஹோலில் இருத்தி, நான் வேலியோரம் போய் நின்றேன். மூத்தம்மாவின் சுவர்ப்பக்கத்தில் கடலைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. அதன் பிறகுதான் வேலை முடிந்ததென்று கருவிகளைப் பைக்குள் வைத்தேன்.

எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு சிறிய சப்வூபர்களை வைத்தால் அறையின் ஸ்வரங்களில் சில தாமாகவே அடங்குமென்று 2002இல் டொட் வெல்டி காட்டிய வழியை, ஒரு பெரிய பெட்டியின் விலையோடு ஒப்பிட்டு அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)