உம்மாவிடம் இப்போதே கேட்டு வைப்போம்

கெலிஓயாவில் எமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. உம்மாவுக்கு எண்பது வயது தாண்டியிருந்தது. நீண்ட காலச் சீனி வருத்தம், சிறுநீரகமும் பழுது. ஒருநாள் மூச்சுத் திணறவே வைத்தியசாலைக்குக் கொண்டோடினார்கள். "மெஷினில் போட வேண்டி வரலாம். போட்டாலும் பழைய நிலைக்கு வருவது கஷ்டம். என்ன சொல்கின்றீர்கள்?" என்று டொக்டர் கேட்டார்.

இரவு பகலாகப் பக்கத்திலிருந்து பார்த்த மகள், "உம்மாவை இனியும் வேதனைப்படுத்த வேண்டாம்" என்றார். கட்டாரிலிருந்த மகனோ, "ராத்தா, காசைப் பார்க்க வேண்டாம், எல்லாவற்றையும் செய்யச் சொல்லுங்கள்" என்று தொலைபேசியில் அழுதார். உம்மா மௌத்தாகி வருடங்கள் சென்றும் ராத்தாவும் தம்பியும் முன்போல் பேசிக் கொள்வதில்லை. இருவரும் உம்மாவின் மீது உயிரையே வைத்திருந்தவர்கள். உம்மாவின் விருப்பம் என்னவென்பதுதான் இருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

சகோதரிகளே! வஸிய்யத் செய்ய ஏதேனும் உள்ளவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கலாகாது என்பது நபிமொழி. காணி, நகை பற்றி எழுதுகின்றோம். எமது உடலுக்குச் செய்யப்படும் வைத்தியம் பற்றி மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை?

நபி (ஸல்) அவர்களின் இறுதி நோயின்போது வீட்டார் அவர்களது வாயில் மருந்தூற்றினார்கள். வேண்டாமென நபியவர்கள் சைகை செய்தார்கள். நோயாளிக்கு மருந்தின் மீதுள்ள வெறுப்பு என்று எண்ணி வீட்டார் ஊற்றியே விட்டார்கள். தெளிவு வந்ததும் நபியவர்கள் அதைக் கண்டித்ததாக ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியில் இருக்கின்றது. அன்பினால்தான் ஊற்றினார்கள். ஆனாலும் நோயாளியின் விருப்பத்துக்கும் ஒரு மதிப்புண்டு.

உயிரைப் போக்க ஊசி ஏற்றுவது ஹராம், அதில் பேச்சில்லை. ஆனால் மூளை முற்றாகச் செயலிழந்து, இனி மீளாது என நிபுணர்கள் முடிவு செய்தவரின் இயந்திரத்தை அகற்றலாம் என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 1986இல் அம்மானில் கூடித் தீர்மானித்தது. மூளை இயங்கிக் கொண்டிருக்கும் முதியவரின் விடயம் வேறு. அங்கேதான் வைத்தியரையும் ஆலிமையும் கலந்து பேச வேண்டியிருக்கின்றது. நின்ற இதயத்தை இயக்க நெஞ்சை அழுத்தும்போது வயோதிபர்களின் விலா எலும்புகள் முறிவதுண்டு என்பதையும் அறிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும்.

இந்தியாவில் 2018 மார்ச் 9ஆம் திகதி உச்ச நீதிமன்றம், இத்தகைய விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைப்பதை ஏற்றுக்கொண்டது. நடைமுறை மிகச் சிக்கலாக இருந்ததால் 2023இல் இலகுவாக்கியது. எமது நாட்டில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. எனவே வைத்தியர் குடும்பத்தாரையே கேட்பார். கேட்கும்போது பதில் சொல்லத் தெரிய வேண்டாமா?

இதைப் பேசினால் மௌத்தை அழைப்பதாகும் எனச் சில வீடுகளில் பயப்படுகின்றார்கள். கபன் துணியை வாங்கி அலுமாரியில் வைத்திருக்கும் மூதாட்டிகள் அதே வீடுகளில்தான் இருக்கின்றார்கள்! அஸர் தொழுதுவிட்டுத் தேநீர் குடிக்கும் நேரத்தில் மெதுவாகக் கேளுங்கள். சுகமாக வழியில்லை என்றால் மெஷினில் போடலாமா, குழாயில் உணவு ஏற்றலாமா? கடைசி நேரத்தில் வீட்டில் இருக்க ஆசையா? பிள்ளைகளில் யாருடைய சொல்லைக் கேட்க வேண்டும்? வேதனையைக் குறைக்கும் மருந்து எந்நிலையிலும் தொடரும் என்பதையும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தன்னைக் கைவிடப் போகின்றார்கள் என்று உம்மா நினைத்துவிடுவார்.

சொன்னதைத் திகதியிட்டு எழுதி, கையொப்பமும் பெற்று, கிளினிக் கொப்பியினுள் வைத்துவிடுங்கள். ஒரு பிரதி வெளிநாட்டிலுள்ள பிள்ளைக்கும் போகட்டும். உம்மா மனம் மாறினால் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம்.