மோட்டார் கொட்டகையில் எர்த்

புதுச்சேரியின் நெட்டப்பாக்கம் கொம்யூனில் உள்ள மடுகரை போன்ற பாசன ஊர்களில், வீட்டைவிட வயலோர மோட்டார் கொட்டகையில்தான் கரண்ட் ஷாக் ஆபத்து மிகுதி. தகரக் கூரை, இரும்பு ஸ்டார்ட்டர் பெட்டி, சேற்றுத் தரை, வெறுங்கால் எல்லாம் அங்கே ஒன்றுசேர்கின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்தில் ஆபத்து இன்னும் கூடும்.

உடலுக்குள் நடப்பது

சுமார் 10 மில்லியாம்பியர் பாய்ந்தாலே கைத்தசைகள் இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். 50 மில்லியாம்பியருக்கு மேல் சில நொடிகள் நீடித்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி ரத்த ஓட்டம் நின்றுவிடக்கூடும். நனைந்த உடலின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் வரை இறங்கிவிடும். 230 வோல்ட்டைத் தொட்டால் அப்போது 230 மில்லியாம்பியர் பாயும். 60 வாட் குண்டு பல்பு எரிவதற்கே இதைவிடக் கூடுதலாக வேண்டும்.

மாடுகள் மனிதரைவிட எளிதில் பலியாகின்றன. கசிவுள்ள ஈர மண்ணில் நிற்கும் மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே பாயும் மின்சாரம் இதயத்தின் வழியே போகிறது. கொட்டகைத் தூணில் மாட்டைக் கட்டுவதும், ஈரத்துணி காய இரும்புக் கொடிக்கம்பியை அதே தூணில் இழுத்துக் கட்டுவதும் கூடாது.

எர்த் குழி

ஸ்டார்ட்டர், மெயின் சுவிட்ச் ஆகியவற்றின் இரும்புப் பெட்டிகளும் மோட்டாரின் உடலும் தனிக்கம்பியால் எர்த் பைப்போடு இணைய வேண்டும். இரண்டரை மீட்டர் நீள ஜி.ஐ. பைப்பை நட்டு, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காக இடுவது வழக்கம். கோடையில் மண் காய்ந்தால் மின்தடை ஏறுவதால் குழியில் தண்ணீர் ஊற்ற வேண்டும். உப்பு பைப்பை அரிக்கும். ஆண்டுக்கொரு முறை எலக்ட்ரீஷியன் மின்தடையை அளந்து, இணைப்புகளைப் பார்ப்பது அவசியம்.

எர்த்துக்குப் பதிலாக நியூட்ரல் கம்பியைப் பெட்டியில் முடிந்துவிடும் பழக்கம் உயிருக்கே உலை. அந்த நியூட்ரல் எங்காவது அறுந்தால் பெட்டி முழுவதும் கரண்ட் ஏறிவிடும்.

பியூஸ் ஏன் போதாது

எர்த்தின் மின்தடை 20 ஓம் என்றால், கசிவு ஏற்படும்போது மண்ணுக்குள் இறங்குவது அதிகபட்சம் 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் பியூஸ் அதற்கு எரியாது. பெட்டியில் கரண்ட் அப்படியே நிற்கும். பியூஸ் காப்பது வயரைத்தான். ஆளைக் காப்பது 30 மில்லியாம்பியர் கசிவிலேயே நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் டிரிப் ஆகும் ஆர்.சி.சி.பி. அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதந்தோறும் அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் டிரிப் ஆகாவிட்டால் உடனே மாற்ற வேண்டும்.

ஷாக் அடித்தால்

அடிபட்டவரைத் தொடாமல் முதலில் மெயினை அணைக்க வேண்டும். முடியாதபோது மட்டும், காய்ந்த பலகைமேல் நின்று காய்ந்த கம்பால் தள்ளலாம். மூச்சு இல்லையெனில் 108-ஐ அழைத்துவிட்டு, நெஞ்சின் நடுவில் 5 செ.மீ. ஆழம் வரை, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். உடலை மண்ணில் புதைப்பது, கைகால்களைத் தேய்ப்பது ஆகியவை உயிர் காக்கும் நிமிடங்களை வீணாக்கும். எழுந்து நடந்தவருக்கும் ஈ.சி.ஜி. பார்க்க வேண்டும். சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் தசை சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படுவதன் அறிகுறி. தாமதமின்றி மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.