ஆட்டுக்குட்டியின் கொம்பு முளை: சுடுவது எப்போது? எவ்வாறு?

மும்பை மாநகரில் வடாலாவுக்கும் சயானுக்கும் இடையே அமைந்துள்ள ஆண்டாப் ஹில் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்ந்து வருகின்றன. இத்தகைய நெருக்கமான பகுதிகளில் வெள்ளாடு வளர்ப்போருக்கு மேய்ச்சல் நிலமும் இல்லை, அகன்ற கொட்டகையும் இல்லை. வீட்டு வாசலே பட்டியாகவும், சந்தே மேய்ச்சல் வெளியாகவும் அமைகிறது. ஆட்டின் கொம்பும், தவழும் குழந்தையின் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்கும் இடம் அது. ஆகவே, குட்டி பிறந்ததும், "இதன் கொம்பைச் சுட்டுவிடலாமா?" என்னும் கேள்வி எழுவது இயல்பே. அக்கேள்விக்கு விடை காண்பதே இங்கு நமது நோக்கம்.

முதலில் கொம்பு என்பது என்னவென்று அறிந்துகொள்வோம். பலரும் எண்ணுவதுபோல அது நகத்தைப் போன்ற உயிரற்ற பொருள் அன்று. மேலே காணப்படும் ஓடு மட்டுமே நகத்தை ஒத்தது. அதனுள் எலும்பும், எலும்பைச் சூழ்ந்து இரத்தக் குழாய்களும் நரம்புகளும் உள்ளன. வெயில் காலத்தில் உடற்சூட்டின் ஒரு பகுதியை வெளியே விடுவதற்கும் கொம்பு உதவுகிறது. பிறந்த குட்டியில் கொம்பு முளை தோலோடு சேர்ந்த சிறு தசையாகவே இருக்கும். நாளாக நாளாக அது மண்டையோட்டுடன் இணைந்துவிடுகிறது. முதிர்ந்த ஆட்டில் கொம்பின் உட்குழிவு நெற்றி எலும்பின் உள்ளறையோடு தொடர்பு கொண்டிருக்கும். எனவே, வளர்ந்த ஆட்டின் கொம்பை அடியோடு அறுப்பது மண்டையையே திறப்பதற்கு ஒப்பாகும். முளையிலேயே கவனிக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே.

அப்படியானால் எல்லாக் குட்டிகளுக்கும் முளையைச் சுட்டுவிடலாமோ? கூடாது. சானன், ஆல்பைன் போன்ற அயல்நாட்டுப் பாலாடுகளை நெருக்கமாக அடைத்து வளர்க்கும் பண்ணைகளில் இது பெருவழக்கு. நம் நாட்டு ஆடு வளர்ப்போரிடையே இது பொது வழக்கம் அன்று. சுட்டால் பால் பெருகும் என்பதும் உண்மை அன்று. கொம்புக்கும் மடிக்கும் அத்தகைய தொடர்பு எதுவும் இல்லை. குட்டி எதற்காக வளர்க்கப்படுகிறது என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பக்ரீத் பண்டிகைக்கு விற்பதற்கென வளர்க்கும் கிடாக்குட்டியின் கொம்பில் கை வைக்காதிருப்பதே நன்று. பிறவியிலேயே கொம்பில்லாத ஆடு குர்பானிக்கு ஏற்றதே என்பர். ஆனால் கொம்பு அடியோடு சிதைந்த ஆட்டைப் பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1971-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் தேவனார் இறைச்சிக்கூடத்தில் பண்டிகைக்கு முன் கூடும் சந்தைக்கு வருவோரும், கொம்பும் காதும் பழுதின்றி அமைந்த கிடாவையே விரும்பி நோக்குவர். சில மாதங்களில் இறைச்சிக்கு விற்கப்படும் குட்டிக்கும் இந்த வேதனையைத் தருவதில் பொருள் இல்லை. ஏற்கெனவே கொம்புள்ள ஆடுகள் உள்ள பட்டியில் ஒரு குட்டியை மட்டும் கொம்பற்றதாக்கினால், தீனித் தொட்டியில் அது மற்றவற்றிடம் முட்டுப்பட்டுப் பின்தங்கிவிடும். ஆகவே, வீட்டோடு பல ஆண்டுகள் தங்கிப் பால் தரப்போகும் பெட்டைக்குட்டி, அதிலும் சிறு குழந்தைகள் நடமாடும் இடத்தில் வளர்வது, இது ஒன்றைப் பற்றியே நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டியிருக்கிறது.

அவ்வாறு சிந்திக்குமுன், குட்டிக்குக் கொம்பு முளைக்கப் போகிறதா என்பதை அறிய வேண்டும். மகாராஷ்டிரத்தின் பெயர்பெற்ற கரிய ஆடாகிய உஸ்மானாபாதி இனத்தில் கொம்புள்ள பெட்டைகளும் உண்டு, மோழைப் பெட்டைகளும் உண்டு. மாட்டுக்குச் சுழி பார்ப்பது நம்மவர்க்குப் பழக்கமானதே. இங்கும் சுழி பயன்படும், ஆனால் அதிர்ஷ்டத்திற்காக அன்று. குட்டியின் தலையில், கொம்பு வரவேண்டிய இரண்டு இடங்களிலும் மயிர் சுழித்திருந்து, அவ்விடத்துத் தோலை விரலால் நகர்த்தும்போது அது நகராமல் பற்றியிருந்தால், கொம்பு முளைக்கும் என்று கொள்ளலாம். மயிர் ஒரே சீராகப் படிந்து, தோலும் தாராளமாக நகருமானால், அது பெரும்பாலும் மோழையே.

இனிக் காலம். பொதுவாகப் பிறந்த 4-ஆம் நாள் முதல் 10-ஆம் நாளுக்குள் இதனைச் செய்து முடிப்பர். கிடாக்குட்டிக்கு முளை விரைவில் பருக்கும். பெட்டைக்குச் சற்றுத் தாமதமாகும். நாளை எண்ணுவதைவிட விரலால் தடவிப் பார்ப்பதே சிறந்த வழி. தோலுக்கடியில் முளை கடலைப் பருப்பளவு தட்டுப்படும் சமயமே தக்க சமயம். குட்டி சீம்பால் நன்கு குடித்துத் துள்ளித் திரிவதாக இருக்க வேண்டும்; நோஞ்சான் குட்டிக்குத் தேறும்வரை பொறுத்திருக்கலாம். இரண்டு வாரங்களைக் கடந்துவிட்டால் முளையின் அடிப்பாகம் அகன்றுவிடும். சுட்டாலும் முழுவதும் அழியாமல் கோணல் கொம்பாக வளர்ந்து, சில வேளைகளில் கண்ணை நோக்கியோ மண்டையை நோக்கியோ திரும்பிவிடும்.

சூடு வைப்பவர் யார்? இக்கேள்விக்கு ஒரே விடைதான் உண்டு: பதிவு பெற்ற கால்நடை மருத்துவர். கன்றுக்குட்டியின் கொம்பு சுடுவதில் பழகிய கைகூட ஆட்டுக்குட்டியிடம் தவறிவிடக்கூடும். ஆட்டுக்குட்டியின் நெற்றி எலும்பு மிக மெல்லியது. அதற்கு அடுத்தே மூளை உள்ளது. சூட்டுக்கோலைச் சில நொடிகள் அதிகமாக வைத்துவிட்டாலோ, ஓங்கி அழுத்திவிட்டாலோ, வெப்பம் எலும்பைக் கடந்து மூளையைத் தாக்கும். அன்று நன்றாகத் துள்ளிய குட்டி இரண்டொரு நாளில் வலிப்புக் கண்டு மாய்ந்துவிடுவதும் உண்டு.

மருத்துவர் செய்யும் முறையை நாமும் தெரிந்துகொள்வது நல்லது. கன்றுக்கு ஒரு கொம்புக்கு ஒரு நரம்பை மரத்துப்போகச் செய்தால் பெரும்பாலும் போதும். வெள்ளாட்டிலோ ஒவ்வொரு கொம்புக்கும் இரண்டு நரம்புகள் செல்வதால் நான்கு இடங்களில் மருந்து செலுத்த வேண்டும். அம்மருந்து அளவு மீறினால் நஞ்சாகும். 3 கிலோ எடையுள்ள குட்டிக்கு, 2 சதவீத லிக்னோகெயின் ஒரு மில்லிலிட்டரே ஆபத்தின் எல்லையைத் தொட்டுவிடும். அதனால்தான் பல மருத்துவர்கள் மருந்தை நீர்த்தும், அத்துடன் குட்டியை உறங்கச் செய்தும் இதனை முடிக்கின்றனர். முளையைச் சுற்றி மயிர் கத்தரித்த பின், நன்கு காய்ந்த சூட்டுக்கோலை மெல்ல வைத்துச் சுழற்றி, சில நொடிகளில் எடுத்துவிடுவர். தேவையானால் தலை ஆறிய பின்னரே மீண்டும் வைப்பர். முளையைச் சுற்றிச் செம்பு நிற வளையம் தோன்றுவது வேலை முடிந்ததற்கு அடையாளம். வலி தணிக்கும் மருந்தும் உடன் கொடுக்கப்பட வேண்டும். மரப்பு மருந்தின் வேகம் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும், சுட்ட புண்ணின் வேதனை அத்துடன் தீராது.

சூட்டுக்கு மாற்றாகக் காரப் பசையைத் தடவலாம் என்பாரும் உண்டு. குட்டிகள் ஒன்றையொன்று உராய்ந்து படுப்பவை; தாயின் மடியை முட்டிப் பால் குடிப்பவை. பசை மற்றொரு குட்டியின் கண்ணிலும், தாயின் மடியிலும் பட்டுப் புண்ணாக்கும். மழை நனைத்தால் குட்டியின் கண்ணுக்குள்ளேயே வழிந்துவிடும். வளர்ந்த கொம்பின் அடியில் ரப்பர் வளையம் மாட்டி இறுக்குவதோ, பல வாரங்கள் நீடிக்கும் வேதனை. இவ்விரண்டையும் நாம் பரிந்துரைக்க இயலாது.

வில்வாத ஜன்னி என்னும் டெட்டனஸ் இத்தகைய புண்களின் வழியே புகும் கொடிய நோய். சினையாட்டுக்கு ஈனுவதற்கு ஒரு மாதம் முன் தடுப்பூசி போட்டிருந்தால், சீம்பாலின் வழியே குட்டிக்கும் பாதுகாப்பு கிட்டும். போடாதிருந்தால், அதை மருத்துவரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். மும்பையின் மழைக்காலத்தில் ஈ மொய்த்துப் புண்ணில் புழு வைக்கும் அபாயமும் மிகுதி. வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள். தை மாதத்தில் கிடா சேர்த்தால் ஆனியில், மழை தொடங்கும் வேளையில் ஈனும். வைகாசியில் சேர்த்தால் மழை ஓய்ந்த ஐப்பசியில் ஈனும். இதைக் கருதி முன்கூட்டியே திட்டமிடலாம்.

சூடு வைத்த குட்டியை உடனே தாயிடம் விட வேண்டும். பால் குடிப்பதே அதற்கு ஆறுதல். பொருக்கைப் பிய்த்தெடுக்கலாகாது, சில வாரங்களில் அது தானே உதிரும். பால் மறுத்தல், சோர்ந்து நிற்றல், சுவரில் தலையை அழுத்துதல், வலிப்பு, சீழ் ஆகியவற்றுள் எது தோன்றினும் அன்றே மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

சட்டத்தையும் இங்கே நினைவுகூர்வோம். 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம், விதிக்கப்பட்ட முறைப்படி செய்யும் கொம்பு நீக்கத்துக்கு விலக்கு அளிக்கும்போது, மாடுகளையே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆட்டை அவ்வாறு குறிப்பிடவில்லை. 2023-இல் மத்திய அரசு வெளியிட்ட விதிகளும் இத்தகைய செயல்களை மருத்துவரே, மரப்பு மருந்து கொடுத்துச் செய்யவேண்டும் என்னும் நோக்குடையவை. ஆகவே, அடுப்பில் காய்ச்சிய கம்பியால் தாமே சுடுவோர் குட்டிக்கும் தீங்கிழைத்து, சட்டத்தின் முன்னும் பதில் சொல்ல நேரிடும். ஆண்டாப் ஹில்லுக்கு அண்மையிலேயே, பரேலில், 1886-இல் தொடங்கப்பெற்ற பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குட்டி பிறந்த பிறகு ஓடுவதைவிட, ஆடு சினையாக இருக்கும்போதே மருத்துவரைக் கலந்துகொள்வது அறிவுடைமை.

காலம் தவறிவிட்டால் என்ன செய்வது? கொம்பை அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது. ஆட்டை மாற்றுவதற்குப் பதிலாக இடத்தை மாற்றிக்கொள்ளலாம். குழந்தைகள் நடமாடும் வழியிலிருந்து விலக்கிக் கட்டலாம். கொம்பு மாட்டிக்கொள்ளும் கம்பி வலைகளை அகற்றலாம். தீனித் தொட்டியில் ஒவ்வோர் ஆட்டுக்கும் தனி இடம் வகுக்கலாம். கொம்பின் கூர்முனையில் உயிரற்ற பகுதியை மட்டும் மருத்துவரைக் கொண்டு மழுக்கிவிடலாம்.

மோழைக் குட்டிகளையே பெற்றுக்கொண்டால் தொல்லையே இல்லையே என்று சிலர் கருதுவர். மோழைக் கிடாவையும் மோழைப் பெட்டையையும் தொடர்ந்து சேர்த்தால், பிறக்கும் பெட்டைகளுட் சில ஆணுமன்றிப் பெண்ணுமன்றி மலடாகிவிடுவது ஐரோப்பியப் பாலாட்டு இனங்களில் நெடுநாளாக அறியப்பட்டது. அதற்குரிய மரபணுக் குறையைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2001-இல் கண்டறிந்தனர். ஆதலால் சேர்க்கையில் ஒரு புறமாவது கொம்புள்ள ஆடாக இருத்தல் நலம்.

சுருங்கக் கூறின், தேவை இருந்தால் மட்டும், முதல் பத்து நாளுக்குள், மருத்துவர் கையால், வலி தெரியாமல் செய்விக்க வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் கொம்பைக் கொம்பாகவே விட்டுவிட வேண்டும். கொம்புள்ள ஆட்டோடு கவனமாக வாழப் பழகிவிடலாம். மூளை வெந்துபோன குட்டியை மீட்டெடுக்க இயலாது.