நடேசன் பூங்காவின் நடேசன்

தி.நகர் வெங்கட்நாராயணா சாலையில் இருக்கும் பூங்காவுக்கு ஏன் நடேசன் பெயர் என்று கேட்டீர்கள். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். தி.நகரே ஏரியாகக் கிடந்த காலத்திலிருந்து தொடங்கினால்தான் விஷயம் பிடிபடும்.

மாம்பலத்து ஏரியைத் தூர்த்து 1920களில் உண்டாக்கிய பேட்டை இது. அன்றைக்குச் சென்னை மாகாண ஆட்சி, பிராமணரல்லாதாருக்காகத் தொடங்கப்பட்ட நீதிக்கட்சியிடம் இருந்தது. அதனால் அந்தக் கட்சிக்காரர்களின் பெயர்களே இங்கே நிலைத்தன. மொத்தப் பேட்டைக்கும் பிட்டி தியாகராயர் பெயர். நடுவிலுள்ள பூங்காவுக்கு, 1921 முதல் 1926 வரை முதலமைச்சராக இருந்த பனகல் அரசர் பெயர். டி.எம். நாயர் பெயரில் ஒரு சாலை. 1916இல் தியாகராயரோடும் நாயரோடும் சேர்ந்து கட்சியைத் தொடங்கிய டாக்டர் சி. நடேச முதலியாருக்கு இந்தப் பூங்கா.

மூவரில் அதிகம் பேசப்படாதவர் இவர். ஆனால் வேலையை முதலில் ஆரம்பித்தவர் இவர்தான். திருவல்லிக்கேணியில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர், 1912லேயே பிராமணரல்லாத அரசு ஊழியர்களைக் கூட்டிச் சங்கம் வைத்தார். பிறகு அது சென்னை திராவிடர் சங்கம் ஆனது. மாநகராட்சியில் தியாகராயரும் நாயரும் ஒத்துப்போகாதவர்கள். இருவரிடமும் பேசிப் பேசி ஒரே கட்சிக்குள் கொண்டுவந்ததில் நடேசனாருக்குப் பெரிய பங்கு உண்டு.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது, 1916இல் அவர் திருவல்லிக்கேணியில் தொடங்கி நடத்திய திராவிடர் இல்லம் என்ற மாணவர் விடுதி. பிராமணரல்லாத வெளியூர்ப் பையன் ஒருவன் பட்டணத்துக்குப் படிக்க வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் இடம் கிடைத்துவிடும். இராத்திரி எங்கே படுப்பது, யார் சோறு போடுவார்கள்? சாதி பார்த்துச் சேர்த்த விடுதிகள் அவனுக்குக் கதவைத் திறக்கவில்லை. பிராமணரல்லாதாருக்கு அரசு வேலையில் பங்கு கேட்பது கட்சியின் அரசியல். அந்தப் பங்குக்குத் தகுதியான பட்டதாரி உருவாக வேண்டுமென்றால் முதலில் அவனுக்கு ஒரு பாயும் இரண்டு வேளைச் சாப்பாடும் வேண்டும். அதைக் கண்டுகொண்டு கையிலெடுத்தவர் நடேசனார். பின்னால் சட்டமன்றத்துக்கும் போனார். 1937இல் காலமானார்.

மற்ற இருவரைப் போல அவர் பெயர் பேசப்படவில்லையே என்று சிலர் குறைப்படுவார்கள். எனக்கு அந்தக் குறை இல்லை. காலை நடைக்கு வரும் பெரியவரையும் வெயிலுக்கு ஒதுங்கும் தொழிலாளியையும் யார், எவர் என்று விசாரிக்காமல் உட்காரவிடும் இடம், விடுதி நடத்திய அந்த மனிதரின் பெயரில் இருப்பதுதான் பொருத்தம்.