ஆயிரம் கல்லுக்கு எத்தனை கை?

செங்கல் சூளையில் எந்த முதலாளியும் குழந்தையை வேலைக்குச் சேர்ப்பதில்லை. கணக்கு நோட்டில் இருப்பது அப்பாவின் பெயர். அதற்கு எதிரே அவர் வாங்கிய முன்பணம், வாராவாரம் அறுத்த கல்லின் எண்ணிக்கை. கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேச்சு. அந்த ஆயிரத்தை எத்தனை கைகள் சேர்ந்து போட்டன என்று எழுத நோட்டில் இடம் கிடையாது.

பெங்களூரு மேலே எழும்ப எழும்ப, அதைச் சுற்றியுள்ள ஆனேக்கல், ஹொஸ்கோட்டே, நெலமங்கலா பகுதிகளில் மண் தோண்டப்பட்டது. கோலார் மாவட்டத்து மாலூர் ஓட்டுக்கும் செங்கல்லுக்கும் பேர்போன ஊர். மழை ஓய்ந்ததும் களம் சீராகும். அடுத்த மழை வரும்வரை வேலை ஓடும். ராய்ச்சூர், கலபுரகி போன்ற வறண்ட வட கர்நாடக மாவட்டங்களிலிருந்தும், ஆந்திராவிலிருந்தும், தொலைதூர ஒடிசாவிலிருந்தும் குடும்பங்கள் வந்து தகரக் கொட்டகைகளில் தங்குகின்றன. அச்சில் மண் அடிப்பது பெரும்பாலும் அப்பா. மண் பிசைந்து உருட்டித் தருவது அம்மா. மணல் தூவுவதும், காயும் பச்சைக் கல்லைப் புரட்டிப் போடுவதும், காய்ந்ததை அடுக்குவதும் பிள்ளைகள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் அவர்களே. அதை வேலை என்று யாரும் எண்ணுவதுகூட இல்லை.

ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா மாவட்டங்களில் ஆள் பிடிக்கும் முறையைப் பார்த்தால் இந்தக் கணக்கு இன்னும் அப்பட்டமாகத் தெரியும். புதிரெடுக்கும் நுவாகாய் திருவிழாவை ஒட்டி தரகர்கள் முன்பணத்தோடு ஊருக்குள் வருவார்கள். தலைக்கு இவ்வளவு என்று அங்கே பேரம் நடப்பதில்லை. ‘பதுரியா’ ஒன்றுக்கு இவ்வளவு. ஒரு பதுரியா என்றால் ஒரு ஆண், ஒரு பெண், ஒரு பிள்ளை. சூளைக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே, முன்பணத்தின் விலைக்குள் அந்தப் பிள்ளையின் உழைப்பும் அடங்கிவிடுகிறது.

ஆன்ட்டி ஸ்லேவரி இன்டர்நேஷனல் அமைப்பு பஞ்சாப் சூளைகளை ஆராய்ந்து 2017இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் 65 முதல் 80 சதவீதம் பேர் கோடையில் நாளுக்குச் சராசரியாக 9 மணி நேரம் வேலை செய்வதாக அது சொன்னது. பஞ்சாப் வேறு, கர்நாடகம் வேறுதான். ஆனால் முன்பண முறையும் ஆயிரம் கல் கணக்கில் கூலி தரும் முறையும் இரண்டு இடத்திலும் ஒன்றே.

சட்டத்துக்குக் குறைவில்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே பெங்களூரின் ‘தி கன்சர்ன்ட் ஃபார் ஒர்க்கிங் சில்ட்ரன்’ அமைப்பு இப்படியொரு சட்டத்துக்கு மசோதா வரைந்து கொடுத்திருந்தது. 2016 திருத்தம் 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்றது. மீறினால் 6 மாதம் முதல் 2 ஆண்டுவரை சிறை, 20,000 முதல் 50,000 ரூபாய்வரை அபராதம். ஆனால் அதே திருத்தம், பள்ளி நேரம் போக குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று ஓர் ஓட்டையையும் விட்டுவைத்தது. “அம்மாவுக்கு ஒத்தாசையாக நிற்கிறான்” என்ற பதில் சூளைக்காரர்களுக்குச் சௌகரியமாகப் போயிற்று. சூளை அந்த அம்மாவின் சொத்தா என்று சோதனைக்கு வருபவர் திருப்பிக் கேட்க வேண்டும்.

இன்னும் கூர்மையான ஆயுதம் 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் 1982இல், டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்தது. இந்த அளவுகோலோடு சூளைக்குள் போனால், கேள்வி குழந்தையிடமிருந்து நோட்டுக்கு நகர்ந்துவிடும். இரண்டு பெரியவர்கள் எட்டு மணி நேரத்தில் அறுக்க முடிந்த கல்லுக்கு, இரண்டு பேருக்கான குறைந்தபட்சக் கூலி வருகிறதா? வராவிட்டால் மூன்றாவது ஜோடிக் கை தானாக வந்து சேரும். கர்நாடகத்தில் கிரண் கமல் பிரசாத் தொடங்கிய ‘ஜீவிகா’ இயக்கம் கொத்தடிமைகளை அடையாளம் காணச் சொல்லிப் பல ஆண்டுகளாக அரசை நெருக்கிவருகிறது. 2016ஆம் ஆண்டின் மத்திய அரசுத் திட்டப்படி, மீட்கப்படும் ஆணுக்கு 1 லட்சம் ரூபாயும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சமும், கொடிய சுரண்டலுக்கு ஆளானவர்களுக்கு 3 லட்சமும் மறுவாழ்வுத் தொகை உண்டு. இதைப் பெற விடுவிப்புச் சான்றிதழும் வழக்கும் வேண்டும். அங்கேதான் கோப்புகள் படுத்துக்கொள்கின்றன.

பள்ளிக்கூடக் கதை தனி. பள்ளிக்கு வெளியே உள்ள குழந்தைகளைப் பற்றிய செய்தியைப் பார்த்து கர்நாடக உயர் நீதிமன்றம் 2013இல் தானே வழக்கை எடுத்தது. அதன் பின், 7 நாள் தொடர்ந்து வராத பிள்ளையைத் தேடிப் போக வேண்டும் என்ற நிலை மாநிலத்தில் வந்தது. முன்பு அந்த எல்லை 60 நாள். நல்ல மாற்றம்தான். ஆனால் பலாங்கீர்ப் பிள்ளை இங்கே எந்த வருகைப் பதிவேட்டிலும் இல்லை. பதிவேட்டில் இல்லாதவன் எத்தனை நாள் வராவிட்டால் என்ன? சூளை சூடுபிடிக்கும்போது அவனுடைய ஊரில் பள்ளியாண்டு பாதியில் நிற்கும். அவன் திரும்பும்போது வகுப்பு முடிந்திருக்கும்.

பெங்களூரில் இடம்பெயர்ந்தோர் பிள்ளைகளுக்கென டென்ட் பள்ளிகள் நடத்தப்பட்டதுண்டு. மொழிதான் அங்கே முதல் முட்டுக்கட்டை. ஒடியாவோ தெலுங்கோ பேசும் பிள்ளை கன்னட வகுப்பில் எத்தனை நாள் உட்காரும்? தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டச் சூளைகளில் ஒடியாப் பாடப்புத்தகங்களையும் ஒடியா ஆசிரியர்களையும் வரவழைத்துப் பார்த்தார்கள். அதே சமயம் பலாங்கீர், நுவாபாடாவில் பருவகால விடுதிகள் தொடங்கப்பட்டன. பெற்றோர் சூளைக்குப் போனாலும் பிள்ளை சொந்த ஊரிலேயே தங்கிப் படிக்கலாம். இரண்டில் விடுதிதான் மேல் என்று தோன்றுகிறது. பிள்ளையே வராவிட்டால் பதுரியா கணக்கு உடைகிறது, தரகர் பேரத்தை மாற்றியாக வேண்டும்.

சூளையே வேண்டாம் என்றால், சுடாத கல்லுக்கும் பெங்களூரிலேயே வழி உண்டு. இந்திய அறிவியல் கழகத்தின் ‘அஸ்த்ரா’ பிரிவு 1974 முதல் கிராமத் தொழில்நுட்பங்களில் இறங்கி, சிமென்ட் கலந்து அழுத்திச் செய்யும் மண் கட்டிகளை உருவாக்கியது. ஆனால் அந்தக் கட்டிகளை அழுத்திச் செய்பவருக்கும் எண்ணிக்கைக் கூலி என்றால், பழைய நோட்டு புது அட்டையோடு வந்துவிடும்.

அந்த நோட்டைத் திருத்த அரசாலேயே முடியும்: நகரத்தின் பெரிய கட்டுமானங்களில் கணிசமானவை அரசுடையவை. கல் வாங்கும் டெண்டரில் சூளையின் கூலிப் பட்டியலைக் கேட்கலாம். கணவன் மனைவி இருவர் பெயரிலும் தனித்தனி வங்கிக் கணக்கில் வாராவாரம் கூலி ஏறியதற்கான ரசீதைக் கேட்கலாம். கல்லின் அளவையும் வலுவையும் சோதிக்கும் பொறியாளர் அந்தத் தாளையும் பார்த்துவிட்டு பில்லில் கையெழுத்துப் போடட்டும்.